வேல்ஸின் சிறு குன்றுகளை அளந்து வகைப்படுத்துவது எப்படி: கணவாயில் தொடங்குங்கள்

2008-இல் ஸ்னோடோனியாவில் உள்ள மெனித் க்ரைக் கோஹ் குன்றை மூன்று ஆர்வலர்கள் கருவி வைத்து அளந்தார்கள். வரைபடத்தில் 609 மீ. என்றிருந்தது, அளந்தபோது 609.75 மீ. வந்தது. மலை என்று சொல்லத் தேவையான 2,000 அடி என்பது 609.6 மீ. பதினைந்து செ.மீ. கூடுதலாக இருந்ததால் குன்று மலையாகிவிட்டது. 2018-இல் தெற்கே ப்ரெக்கன் பீக்கன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. வான் எ பீக் 700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலை. ஆனாலும் ஹியூவிட் என்ற மலைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதன் இறக்கம் 28.3 மீ. தான், வேண்டியதோ 30 மீ.

புதிதாக வருபவர்கள் முதல் கதையைக் கேட்டு நேராக உச்சிக்குப் போகிறார்கள். ஆனால் சிறு குன்றுகளின் வகையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கணவாய்தான்.

இறக்கம் என்றால் என்ன

ஒரு குன்றிலிருந்து அதைவிட உயரமான நிலத்துக்கு நடந்துபோக எத்தனையோ வழிகள் இருக்கும். அவற்றுள் நம்மை மிகக் குறைவாகக் கீழே இறக்கும் வழியைப் பிடியுங்கள். அதன் அடிமட்டப் புள்ளிதான் கணவாய், வேல்ஸ் மொழியில் பூல்ஹ். உச்சியின் உயரத்திலிருந்து அதன் உயரத்தைக் கழித்தால் இறக்கம். குன்றின் வகைப்பெயர் இதை வைத்துத்தான்: 30 மீ. இருந்தால் டம்ப், 100 மீ. இருந்தால் ஹம்ப், 150 மீ. இருந்தால் மேரிலின். இந்த மூன்றுக்கும் உயர வரம்பு கிடையாது. ஹியூவிட்டுக்கு 2,000 அடி உயரமும் 30 மீ. இறக்கமும் வேண்டும். நட்டாலுக்கு அதே உயரத்தோடு 15 மீ. இறக்கம் போதும், அதனால் வான் எ பீக் அந்தப் பட்டியலில் நீடிக்கிறது.

படி 1: வரைபடம்

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் மலைப்பகுதிச் சமஉயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. உச்சியைச் சுற்றிய கடைசிக் கோடு 350, கணவாய் 320-க்கும் 330-க்கும் நடுவே என்றால் இறக்கம் 20 முதல் 40 மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட குன்றுகளையே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: லைடார்

வேல்ஸ் அரசின் டேட்டாமேப்வேல்ஸ் தளத்தில் 1 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலான லைடார் (விமானத்திலிருந்து லேசரால் எடுத்த தரை உயரம்) தரவு இலவசம். தரைமட்ட மாதிரியை இறக்கி, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் அரை மீட்டர் இடைவெளியில் கோடு போடுங்கள். மரம், கட்டடத்தை நீக்கும் வடிகட்டி சில நேரம் உச்சியில் நிற்கும் பாறையையும் சீவிவிடும். அதனால் மேற்பரப்பு மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இறக்கம் 31 என்றோ 29 என்றோ வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. 29.7-க்கும் 30.3-க்கும் நடுவே நின்றால் கருவியைத் தூக்க வேண்டியதுதான்.

கிளம்பும் முன் நில உரிமையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லோரும் நடக்கத் திறந்துவிட்ட நிலம் இல்லையென்றால் பண்ணைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். ஆடுகள் குட்டி போடும் வசந்த காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

படி 3: கணவாயைக் கண்டுபிடித்தல்

ஆட்டோ லெவல் (கிடைமட்டமாகப் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி), முக்காலி, 5 மீ. ஸ்டாஃப் (அளவு குறித்த கோல்), இரண்டு பேர். இவ்வளவு போதும்.

அகன்ற புல்வெளிக் கணவாயில் கண்ணை நம்பக் கூடாது. லெவலை ஓரமாக நிறுத்தி, ஸ்டாஃப் பிடிப்பவரை ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறு பள்ளத்தாக்கை நோக்கிக் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். 5 மீ. தள்ளி அடுத்த வரிசை, மறுபடி 5 மீ. தள்ளி அடுத்தது. ஒவ்வொரு வரிசையிலும் மிகச் சிறிய ரீடிங்கை எழுதுங்கள், அதுதான் அந்த வரிசையின் மேடு. நான்கு வரிசைகளில் 1.412, 1.467, 1.481, 1.455 என்று வந்தால், அவற்றுள் பெரியதான 1.481 தான் கணவாய். ரீடிங் பெரிதானால் தரை தாழ்வு என்பது முதல் நாள் எல்லோரையும் குழப்பும்.

சேற்று நிலத்தில் ஸ்டாஃபின் அடி இரண்டு மூன்று செ.மீ. புதையும். அழுத்தாமல், புல்லின் வேர்மட்டத்தைத் தொடுமாறு வையுங்கள். வெட்டிய வாய்க்காலோ மேடேற்றிய சாலையோ குறுக்கிட்டால் பக்கத்திலுள்ள இயற்கைத் தரையை அளந்து, அதை ஏன் எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

படி 4: மட்டம் ஏற்றுதல்

லெவலை நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும், கீழ்ப்பக்க ஸ்டாஃபில் எடுக்கும் ரீடிங் பின்பார்வை, மேல்பக்கம் எடுப்பது முன்பார்வை. ஒரு நிறுத்தத்தில் அதிகபட்சம் 4 மீ. ஏறலாம் என்பதால் 30 மீட்டருக்குக் குறைந்தது 8 நிறுத்தங்கள். பின்பார்வைகளின் கூட்டலிலிருந்து முன்பார்வைகளின் கூட்டலைக் கழித்தால் இறக்கம் கிடைக்கும்.

இரு பக்கத் தூரமும் சமமாக இருக்கட்டும். பார்வைக்கோடு லேசாகச் சாய்ந்திருந்தாலும் சமத்தூரத்தில் பிழை அடிபட்டுப்போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மேல்பக்கத் தூரம் குறைவாக விழுந்தால், எட்டு நிறுத்தத்தின் பிழையும் ஒரே திசையில் சேரும். ஸ்டாஃப் சாய்வும் அப்படித்தான். 5 டிகிரி சாய்ந்தால் 4 மீ. ரீடிங்கில் 15 மி.மீ. கூடிவிடும். பின்பார்வைகள்தான் பெரிய ரீடிங் என்பதால், குன்று தன் அளவைவிட உயரமாகத் தெரியும். ஸ்டாஃபை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, கிடைக்கும் மிகச் சிறிய ரீடிங்கை எடுங்கள். ஒரு நிறுத்தத்தின் முன்பார்வையும் அடுத்ததன் பின்பார்வையும் எடுக்கும் திருப்புப் புள்ளி பாறையிலேயே இருக்கட்டும், புல்லில் வேண்டாம்.

அதே வழியில் இறங்கியும் அளந்து கணவாயில் முடியுங்கள். போகவர 1 கி.மீ. என்றால் இரண்டு அளவுக்கும் நடுவே 24 மி.மீ. வரை வேறுபாடு இருக்கலாம், மீறினால் மறுபடி ஏறுங்கள்.

படி 5: உச்சி

கூட்டிவைத்த கற்குவியல் கணக்கில் சேராது, தரையில் ஊன்றிய இயற்கைப் பாறை சேரும். சர்வே தூண் நிற்கும் இடமே உயரமானது என்றும் எண்ண வேண்டாம். பத்து இருபது மீட்டர் சுற்றிலும் ஸ்டாஃபை வைத்துப் பாருங்கள்.

படி 6: கடல்மட்ட உயரம்

2,000 அடி போன்ற வரம்பில் நிற்கும் குன்றுகளுக்கு மட்டுமே இது தேவை. கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், அது உதவாது. சர்வே தர ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடமறியும்) கருவியை உச்சியில் இரண்டு மணி நேரம் அசையாமல் பதிவு செய்யவிட்டு, ஆர்டனன்ஸ் சர்வே நிலையங்களின் தரவோடு பிறகு கணக்கிட வேண்டும். வரும் எண், பூமியைக் கணித வடிவமாகக் கொண்ட நீள்கோள மட்டத்திலிருந்து எடுத்த உயரம், ஓஎஸ்ஜிஎம்15 மாதிரியால் பிரிட்டன் வரைபடங்களின் அடிப்படையான நியூலின் கடல்மட்டத்துக்கு மாற்றுங்கள். மறந்தால் குன்று 50 மீ. அளவுக்கு வளர்ந்து நிற்கும். ஆன்டெனா உயரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதுங்கள்.

படி 7: அறிக்கை

29.96 வந்தால் 29.96 என்றே எழுதுங்கள், 30 ஆக்காதீர்கள். பிழை அளவையும் சேர்த்துக் கொடுங்கள். உச்சிக்கும் கணவாய்க்கும் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் பத்திலக்கக் கட்ட எண்ணும், ஸ்டாஃபின் அடி தரையைத் தொடும் படமும் வேண்டும். கணவாய்ப் படத்தில் இரு பள்ளத்தாக்குகளும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருபவரால் அந்த இடத்தைச் சரிபார்க்க முடியாது.