டிஸ்க்கில் இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியாது

போன வருடம் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக்கார ஹாஜியார் ஒருவர் என் கடைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, மேலே ரப்பர் பட்டி போட்டிருந்தார். "பதினெட்டு வருஷத்துக் கணக்கும் இதுக்குள்ளதான் இரிக்கி தம்பி" என்றார். உண்மைதான், இருந்தது. டிஸ்க் சுழன்றது, ஃபைல்களும் தெரிந்தன. வில்லங்கம் திறந்தபோதுதான் வந்தது.

கணக்கு மென்பொருள் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதியது. எழுதிக் கொடுத்த பொடியன் இப்போது கட்டாரில். மைக்ரோசாஃப்டோ விஷுவல் ஃபாக்ஸ்புரோவை 2015 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது. எப்படியோ வேறு வழியில் கோப்புகளைத் திறந்தேன். தொகைகள் சரியாக வந்தன, பெயர்கள்தான் வரவில்லை. கணபதிப்பிள்ளை நிற்கவேண்டிய இடத்தில் எஃப், இசட், ஜி, ஜே, பி என்று ஆங்கில எழுத்துகள் வரிசையில் நின்றன.

இது பாமினியின் வேலை. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தால் கணினிக்குள் போவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள்தான். பாமினி நிறுவியிருக்கும்வரை திரையில் தமிழாகத் தெரியும். தமிழைத் தமிழாகவே பதிந்து வைக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றனதானே என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் ஒரே பத்தியில் ஒரு வரி பாமினியிலும் அடுத்த வரி ஆங்கிலத்திலும் இருந்தால், கருவி இரண்டையும் சேர்த்து மாற்றி, ஆங்கிலப் பெயர்களைப் பொருளில்லாத தமிழாக்கிவிடும். ஒவ்வொரு வரியாகக் கையால் பிரிக்கத்தான் வேண்டும். பழைய பாமினிக் கோப்புகள் உங்களிடம் இருந்தால், எது தமிழ் எது ஆங்கிலம் என்று தெரிந்த ஆள் கடையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

யுனிகோடில் இருந்தாலும் ஒரு பொறி உண்டு. எக்செல் அட்டவணையை வெறும் எழுத்துக் கோப்பாக்கும் 'சிஎஸ்வி' வடிவத்தை மட்டும் தெரிவுசெய்து சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அப்படிச் சேமித்து மூடியபின் அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க வழியே இல்லை. பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தெரிவுசெய்ய வேண்டும். வருட முடிவில் பேரேட்டையும் ஐந்தொகையையும் இப்படி ஒரு பிரதியாகவும், பிடிஎஃப்-ஏ வடிவில் இன்னொரு பிரதியாகவும் எடுத்து வையுங்கள். நீண்டகாலச் சேமிப்புக்கென்றே 2005இல் வந்த சர்வதேசத் தரம் பிடிஎஃப்-ஏ. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருப்பதால், நாளை எந்தக் கணினியில் திறந்தாலும் அதே தோற்றம்தான்.

"கூகுள் டிரைவில் இருக்கிறது, பயமில்லை" என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கணினியோடு இணைந்து ஓடும் கோப்புறையில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். மூன்று வருடத்துக்கு முன் தவறுதலாக அழித்ததை இன்று தேடினால் என்ன கிடைக்கும்? நேற்றைய வேலையை மீட்கத்தான் பேக்கப். பழையதைக் காக்க, யாரும் தொடாத தனிப் பிரதி வேண்டும்.

அந்தப் பிரதியை எங்கே வைப்பது? கடையில் ஒன்று, அடுத்த தெருவிலுள்ள வீட்டில் ஒன்று என்றுதான் பலரும் வைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கல்முனையிலும் மருதமுனையிலும் கடைக்கும் வீட்டுக்கும் வந்தது ஒரே கடல். ஒரு பிரதியாவது அம்பாறை நகரிலோ கண்டியிலோ இருக்கும் உறவினர் வீட்டு அலுமாரியில் கிடக்கட்டும். பென் டிரைவை மட்டும் நம்பி வைக்காதீர்கள். வருடக்கணக்காகச் சும்மா கிடந்தால் அதிலுள்ளது தானாகவே மங்கும், உப்புக் காற்று முனையை வேறு அரிக்கும். கடை பில் மெஷினில் வரும் வழுவழுப்பான சீட்டு இன்னும் மோசம், சூட்டிலும் வெளிச்சத்திலும் வெளிறிவிடும். வந்த கிழமையே ஸ்கேன் செய்யாவிட்டால் பிறகு வெறும் வெள்ளைத் தாள்தான்.

எவ்வளவு காலம் வைப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது என்பேன். வரிக்கு ஐந்து வருடம் போதும் என்று கணக்குப்போட்டு, சம்பளப் பட்டியலையும் சேர்த்து எரித்துவிடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதியைச் சாதாரணமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்க முடியும். 1995இல் இருபது வயதில் ஆலைக்கு வேலைக்கு வந்த ஒருவர் 2030இல்தான் தன் காசைக் கேட்கப் போவார். அப்போது பெயரில் ஓர் எழுத்தோ இலக்கமோ பிழைத்திருந்தால், யாருக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று காட்டி நீங்கள் மாதாமாதம் நிதிக்கு அனுப்பிய சி படிவத்தின் பிரதிதான் அவருக்குச் சாட்சி. அதற்காக எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்திருப்பதும் பிழை. வேலை கேட்டு வந்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் பத்து வருடமாக உங்கள் லாச்சியில் ஏன்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம் அதற்கு நேர் எதிரானது.

ஹாஜியாரின் டிஸ்க்குக்கு வருவோம். பெயர்களைப் பிரித்து முடிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. கடைசியில் 'மா.வீ. பாக்கி' என்று நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் மிஞ்சின. மாவடிப்பள்ளியா, வீரமுனையா, மாமா வீடா? பிடி கிடைக்காமல் ஹாஜியாருக்குக் கோல் எடுத்துக் கேட்டேன்.

"அது கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும்" என்றார். "அவர் மவுத்தாகி ஏழு வருஷம் தம்பி."