எல்லாக் கருவிகளிலும் ஓடும் வீடியோ: வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குழந்தை முதன்முதலாக நடந்த காட்சியை அண்ணன் தன் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். அம்மாவுக்குப் பெரிய திரையில் காட்டலாம் என்று பழைய மடிக்கணினியில் திறந்தேன். சிரிப்பும் கைதட்டலும் கேட்டன, திரையோ கறுப்பாக இருந்தது. கோப்பில் எந்தப் பழுதும் இல்லை. அந்தப் படம் எழுதப்பட்டிருந்த முறை மடிக்கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். அன்று நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியதை, இதில் முற்றிலும் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன், டேப்லெட், மடிக்கணினி, டிவி என எதில் ஓடப்போகிறது என்று தெரியாத வீடியோவுக்கு எம்பி4 கோப்பு, அதற்குள் எச்.264 முறையில் படம், ஏஏசி முறையில் ஒலி. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். "எம்பி4 ஆக மாற்றினேன், ஆனாலும் ஓடவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டவர்கள்.

உறை வேறு, உள்ளே இருப்பது வேறு

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி ஆகியவை உறைகள். உறைக்குள் படமும் ஒலியும் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைச் சுருக்கி எழுதும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஒரே மாதிரியான இரண்டு உறைகளில் வெவ்வேறு மொழியில் எழுதிய கடிதங்கள் இருக்கலாம் அல்லவா? அதுபோல ஓர் எம்பி4 கோப்பில் எச்.264 படம் இருக்கும்; இன்னொன்றில் எச்இவிசி எனப்படும் எச்.265 இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. கோப்பின் பெயரில் எம்கேவி என்பதை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதுவதால் உள்ளே எதுவும் மாறாததும் இதனால்தான்.

எச்.264 தரநிலை 2003இல் வெளியானது. அதைப் பிரித்துப் படிக்கும் மின்சுற்று, பல ஆண்டுகளாகவே போன், டிவி, கணினி ஆகியவற்றின் சிப்புகளில் இடம்பெற்று வருகிறது. அதனால் படம் தடங்கலின்றி ஓடுகிறது, பேட்டரியும் வீணாவதில்லை. 2013இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தருவதை இலக்காகக் கொண்டு உருவானது. 2018இல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனமானது. இரண்டுமே நல்ல தொழில்நுட்பங்கள்தான். ஆனால் எதிரே இருக்கும் கருவியின் வயது தெரியாதபோது, இடத்தைச் சேமிப்பதைவிட வீடியோ ஓடுவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: அறிகுறியைப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஓடாத கருவியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒலி வந்து படம் வரவில்லை என்றால் சிக்கல் படத்தின் கோடெக்கில். விண்டோஸ் கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது, ஏனெனில் அதன் சொந்த பிளேயருக்கு எச்.265 படிக்கத் தனி நீட்சி தேவைப்படலாம். படம் வந்து ஒலி வரவில்லை என்றால் ஒலியின் கோடெக்தான் காரணம். ஏசி3 அல்லது டிடிஎஸ் ஒலி கொண்ட கோப்புகளை பல போன்களும் சில டிவிகளும் இப்படித்தான் ஊமையாக்கிவிடும். கோப்பையே திறக்க மறுத்தால், முதலில் உறையைச் சந்தேகியுங்கள். படமும் ஒலியும் வந்து, படம் மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தால், கருவியின் திறனுக்கு மேற்பட்ட தெளிவோ பிட்ரேட்டோ (ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு) அதில் இருக்கிறது.

எந்த மாற்றம் தேவை என்பதை இந்த ஒரு நிமிடக் கவனிப்பே சொல்லிவிடும்.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விஎல்சி பிளேயர் இலவசம். ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டிவிடும். விண்டோஸில் வீடியோவை அதில் திறந்து, டூல்ஸ் பட்டியலில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைச் சொடுக்குங்கள். படத்துக்கு ஒரு பகுதி, ஒலிக்கு ஒரு பகுதி எனக் காட்டும். படத்தின் கோடெக்காக எச்264 அல்லது அதன் இன்னொரு பெயரான ஏவிசி என்றும், ஒலிக்கு ஏஏசி என்றும் இருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எச்இவிசி என்றிருந்தால் படத்தை மாற்ற வேண்டும். ஏசி3 ஒலியை விஎல்சி ஏ52 என்றும் குறிக்கும், குழம்ப வேண்டாம்.

படி 3: உறையை மட்டும் மாற்றினால் போதுமா?

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. எம்கேவி உறைக்குள் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் ஏற்கெனவே இருந்தால், மறுபடி சுருக்கத் தேவையே இல்லை. அவிடெமக்ஸ் என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்து, வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் இரண்டிலும் காப்பி என்று வைத்து, அவுட்புட் ஃபார்மட்டில் எம்பி4 மக்ஸரைத் (படத்தையும் ஒலியையும் உறையில் போடுவது) தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். வேலை விரைவில் முடியும், தரமும் துளிகூடக் குறையாது. ஒவ்வொரு முறை மறுசுருக்கம் செய்யும்போதும் படத்தில் கொஞ்சம் நுணுக்கம் இழக்கப்படுகிறது. தேவையில்லாத இடத்தில் அந்த இழப்பை ஏற்க வேண்டாம்.

படம் சரியாக இருந்து ஒலி மட்டும் தவறாக இருந்தால், அதே செயலியில் வீடியோவைக் காப்பியாகவே விட்டு, ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றலாம்.

படி 4: படத்தையே மாற்ற வேண்டுமென்றால்

இதற்கு ஹேண்ட்பிரேக்கைப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கோப்பை அதன் சாளரத்தில் இழுத்துப் போடுங்கள். ப்ரீசெட் (ஆயத்த அமைப்புகள்) பட்டியலில் ஜெனரல் பிரிவின் கீழ் ஃபாஸ்ட் 1080பி30 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சம்மரி பக்கத்தில் ஃபார்மட் எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். அங்கேயே வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தையும் குறித்துவிடுங்கள். அது கோப்பின் அட்டவணைப் பகுதியை முன்னால் கொண்டுவந்து வைக்கும். இணையத்தில் ஏற்றினால் முழுவதும் இறங்கும்வரை காத்திராமல் ஓடத் தொடங்கும்.

அடுத்து வீடியோ பக்கம். என்கோடர் எச்.264 (எக்ஸ்264) என்றே இருக்கட்டும். அதன் அருகிலேயே 10 பிட் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அந்த வகை எச்.264ஐ வன்பொருளில் படிக்கும் கருவிகள் மிகக் குறைவு. தரத்தை ஆர்எஃப் என்ற எண் தீர்மானிக்கிறது; எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 1080 தெளிவுக்கு 20 முதல் 24 வரை நல்ல எல்லை. எனக்கு 22 எப்போதும் போதுமானதாக இருந்திருக்கிறது. ஃபிரேம்ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பதில், கான்ஸ்டன்ட் (மாறாதது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன்கள் பெரும்பாலும் மாறும் வேகத்தில் பதிவு செய்கின்றன. பிறகு தொகுப்புச் செயலியில் போட்டால் உதடும் ஒலியும் பொருந்தாமல் விலகிப்போவதுண்டு.

ஆடியோ பக்கத்தில் ஏஏசி, ஸ்டீரியோ, பிட்ரேட் 160 போதும். ஸ்டார்ட் என்கோடை அழுத்துங்கள்.

எவ்வளவு பெரிய கோப்பு வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் 10 நிமிடம் ஓடும் படம் 375 மெகாபைட். ஆர்எஃப் முறையில் பிட்ரேட் காட்சிக்குக் காட்சி மாறுவதால் முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. மரத்தின் இலைகள் அசையும் காட்சி, அமைதியாக ஒருவர் பேசும் காட்சியைவிட நிறைய இடம் எடுத்துக்கொள்ளும்.

படி 5: எடுக்கும்போதே சரியாக எடுங்கள்

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐஃபோன் 7இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் எச்இவிசி முறையில் பதிவு செய்ய முடிகிறது. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264இல் பதிவாகும். பல ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா அமைப்பிலும் இதைப் போன்ற தேர்வு உண்டு. 4கே 60 (4கே தெளிவில் நொடிக்கு 60 படச்சட்டங்கள்), எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் முறை) போன்றவற்றை ஐஃபோனில் இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பலருக்கு அனுப்பப்போகும் காட்சி என்றால் தயங்காமல் விட்டுக்கொடுங்கள். எச்டிஆர் படம் அதை ஆதரிக்காத திரையில் வெளிறிப்போய்த் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

படி 6: பலவீனமான கருவியில் சோதியுங்கள்

உங்களிடம் இருப்பதிலேயே பழைய போன் அல்லது டிவியில் ஓட்டிப் பாருங்கள். புதிய கணினியில் ஓடுவது எதையும் நிரூபிக்காது. யுஎஸ்பி டிரைவ் மூலம் டிவியில் போடுவதாக இருந்தால், அந்த டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு அதில் ஏறவே ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். அதை அந்த டிவி படிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நடுவிலும் கடைசியிலும் தள்ளிப் பார்த்து, உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். அதுவரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அண்ணன் அனுப்பிய அந்தக் கோப்பை நான் இன்னும் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அம்மா டிவியில் பார்ப்பது அதன் எச்.264 பிரதியை.