கை வெடிக்காமல் வேலை செய்ய: கொத்து வேலைக்கும் ரப்பர் பால் வெட்டுக்கும் புதிதாக வந்தவர்களுக்கு

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தை விட்டுவிட்டால் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியும் கொத்தனார், கையாள், ரப்பர் பால் வெட்டுபவர், முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் பெண்கள் என்று பலருக்கும் கை வெடித்துக் கிடக்கிறது. வானிலையைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் படும் சரக்கு பாதிக் காரணம், அதைக் கழுவும் விதம் மீதிக் காரணம். க்ரீம் வாங்குவதெல்லாம் அப்புறம்.

1. வேலைக்கு முன்

முந்திரித் தோட்டு எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையில் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு உடைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. சிமெண்டுக்குக் கையுறைதான் சரி. எண்ணெயோ வாசலினோ பூசிய கையில் ரப்பர் கையுறை மாட்டாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழியும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை தாங்கும். கையுறைக்குள் சிமெண்ட் தண்ணீர் இறங்கிவிட்டால் உடனே கழற்றுங்கள். உள்ளே ஊறிக்கொண்டிருப்பது வெறுங்கையைவிட மோசம்.

2. கழுவுவது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 5-ஐ ஒட்டி இருக்கும். ஈரச் சிமெண்ட் 12-க்கும் மேல், கடும் காரம். அதன் மேல் துணி சோப்புப் பொடியையும் போட்டுத் தேய்த்தால் தோலில் மிச்சமிருக்கும் எண்ணெயும் போய்விடும். "பொடி போட்டாதாண்ணே போவும்" என்பார்கள். போகும்தான், தோலையும் கூட்டிக்கொண்டு போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

கொத்துக் கரண்டி கழுவிய வாளியில் கை கழுவக் கூடாது, அந்தத் தண்ணீரே காரம்தான். ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, மென்மையான குளியல் சோப்பு கொஞ்சமாகப் போட்டால் போதும். கையில் காய்ந்துபோன ரப்பர் பாலைச் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் மெல்ல உருட்டுங்கள். இழை இழையாகத் திரண்டு, நகத்தோரத்து மடிப்பில் ஒட்டியதும் சேர்ந்து வரும். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் தெறித்தால் எண்ணெய் வைத்தியம் கூடாது. ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் காட்டுங்கள்.

3. ஈரம் காயும் முன்

துண்டால் ஒற்றியதும், கை லேசாக ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். இவை அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். உலர்ந்த கையில் பூசினால் பிசுபிசுப்புதான் மிச்சம். இரவில் கொஞ்சம் தாராளமாகப் பூசி, பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிப் படுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தடித்துப் போன உள்ளங்கைக்கு மருந்துக் கடையில் 10 சதவீத யூரியா க்ரீம் கிடைக்கும். திறந்த வெடிப்பில் பட்டால் எரியும்.

4. நகத்தோல்

நகம் தொடங்கும் இடத்தில் பிறைபோல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டவோ தள்ளவோ கூடாது. கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் மூடி அது. நகத்தோரம் பிய்ந்து நிற்கும் தோலைப் பல்லால் இழுக்காமல், சுத்தமான நகவெட்டியால் அடியோடு நறுக்கி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இழுத்தால் நகச்சுற்றில் போய் முடியலாம். அப்போது விரலில் எலுமிச்சம்பழம் சொருகுவது நம்மூர் வழக்கம். சீழ் கட்டிய பிறகும் பழத்தை நம்பி இருக்காதீர்கள்.

5. வெடித்துவிட்டால்

வாசலின் வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி வேலைக்குப் போகலாம். சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அரிப்பும் கொப்புளமும் திரும்பத் திரும்ப வந்தால் சிமெண்டில் உள்ள குரோமியமோ கையுறையின் ரப்பரோ ஒவ்வாமல் இருக்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது என்ன வேலை, எந்தச் சோப்பு என்று சொல்லுங்கள். மாட்டும் கையுறையையும் கையோடு கொண்டுபோங்கள்.