கூடவே இருந்து குழி பறிக்கும் வீரன்: மேசையில் நான் சரிசெய்தது

எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஒருவர் ரகசியத் துரோகி, ஆட்டத்தை நடத்துவது நான். முதல் தப்பு, அவருக்கு மட்டும் துண்டுச் சீட்டு நீட்டியது. மூன்றாவது சீட்டிலேயே எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சரி என்று அடுத்த வாரம் முதல் எல்லோருக்கும் சீட்டு கொடுத்தேன், பாதிச் சீட்டில் "படித்துவிட்டுச் சும்மா தலையாட்டு" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது.

பெரிய தலைவலி பகடைதான். அவர் பொய் சொல்லும்போது இருபது முகப் பகடையை மேசையில் உருட்டினாலே, மற்ற நால்வரும் 'இன்சைட்' (எதிராளி பொய் சொல்கிறாரா என்று கணிக்கும் திறன்) போடுகிறேன் என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவரின் இன்சைட் எண்ணோடும் 10 கூட்டி முன்பே குறித்துக்கொண்டேன் (பகடை உருட்டாமலே பார்க்கும் பாசிவ் இன்சைட் என்பது அதுதானே), அவருக்கான பகடையைத் திரைக்குப் பின்னால் நானே உருட்டி, யாருடைய எண்ணையாவது தாண்டவில்லை என்றால் அந்த ஆளுக்கு மட்டும் ஒரு சீட்டு: "அவன் உன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை."

குழுவுக்குள் துரோகம் வரலாம், சம்மதமா என்று முதல் நாளே பொதுவாகக் கேட்டிருந்தேன். குட்டு உடைந்தால் அந்தப் பாத்திரம் என் கைக்கு வந்துவிடும், அவர் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்வார் என்பது எங்கள் இருவரின் ஒப்பந்தம். பதினோராவது அமர்வில் தொங்குபாலத்தின் கயிற்றை அவர் அறுத்தபோது யாரும் கோபப்படவில்லை, பழைய சீட்டுகளைத் தேடித்தான் ஓடினார்கள்.