சேலத்து வெயில், ஏற்காட்டு மூடுபனி: மாடல் கார் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சிறிய கார் கட்டும் மாடல் கார் கிட்டுக்குள் வரும் விளக்கத்தாளும் சரி, நாம் பார்த்துப் பழகும் வீடியோக்களும் சரி, வேறு ஊர் வானிலையையும் வேறு ஊர்க் கடைகளையும் மனதில் வைத்துச் செய்தவை. கிட் செய்யும் டாமியா கம்பெனி இருக்கும் ஜப்பானின் ஷிசுவோக்காவில் வழவழவென்று வரும் பெயின்ட், ஏப்ரல் மாதம் சேலம் அம்மாபேட்டை மொட்டை மாடியில் அப்படி வராது. எங்கள் நண்பர்கள் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களின் மாடல்களை வாங்கிப் பார்க்கும்போது, கை வேலையில் பெரிய குறை இருக்காது, ஊரைக் கணக்கில் எடுக்காததுதான் குறையாக இருக்கும். இன்னொரு வகைத் தவறு இருக்கிறது, அது யாருடைய காரைக் கட்டுகிறோம் என்பதை மறந்துவிடுவது. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் பெயின்ட்டைச் சுரண்டித் திரும்ப அடிக்கலாம், அந்தத் தவறை அவ்வளவு எளிதில் சரிசெய்ய முடியாது.

முதலில் மதிய வெயில். சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நினைத்து உச்சி நேரத்தில் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். கோடையில் சேலத்தில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும் நாட்களில், கேனிலிருந்து கிளம்பும் துளியில் இருக்கும் கரைப்பான் பாடியைத் தொடும் முன்பே பெருமளவு ஆவியாகிவிடுகிறது. ஈரமாக விழுந்து தானாகப் பரவ வேண்டிய பெயின்ட் தூளாக விழுந்து ஒட்டிக்கொள்கிறது. பானட் முழுக்கச் சொரசொரப்பு, கூரை ஓரங்களில் தூள், அப்புறம் கேன் சரியில்லை என்று கடைக்காரர் மேல் கோபம். கேனில் ஒன்றும் குறையில்லை. காலையில் தரை சூடாகும் முன்பே, ஏழு மணி வாக்கில் அடித்து முடித்துவிடுங்கள். கேனை 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிற வழக்கம் இருந்தால் கோடையில் 15-க்குக் கொண்டு வாருங்கள், கையைக் கொஞ்சம் வேகமாக நகர்த்துங்கள், மேலே சுற்றும் ஃபேனை நிறுத்துங்கள். அடித்து முடித்ததும் ஒரு டப்பாவால் மூடிவிட்டால் தூசியும் வராது, எறும்பும் ஏறாது. கேன்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், கேனில் இருப்பதோ அழுத்தத்தில் அடைத்த, தீப்பிடிக்கும் வாயு.

ஏற்காட்டில் இதெல்லாம் அப்படியே தலைகீழ். சேலம் நகரத்தை விட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் அதிகம், உயரம் கூடக்கூட 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் பார்த்தால் எட்டு டிகிரி வரை குளிர்ச்சி. குளிர் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. லாக்கர் என்பது கரைப்பான் ஆவியாகிச் சீக்கிரம் காயும் பெயின்ட். அந்தக் கரைப்பான் ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அந்த இடம் சுற்றியிருக்கும் காற்றை விடக் குளிர்ந்துவிடுகிறது, காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. கறுப்புக் கார் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து நிற்கும். இது சேலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் நடக்கும், மலையில் வருடத்தில் பல மாதங்கள் நடக்கும்.

வெளுத்ததும் பதறிப்போய் உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஈரம் குறைந்த ஒரு நாள் வரும்வரை காத்திருந்து, அதே லாக்கரை மேலே லேசாக அடித்தால் கரைப்பான் கீழ்ப்பூச்சை இளக்கி, சிக்கிய ஈரத்தை வெளியே விடும், பெரும்பாலும் வெண்மை போய்விடும். காபி எஸ்டேட் பக்கம் குடியிருக்கும் எங்கள் நண்பர் ஒருவர் சுவரில் ஈரப்பதமானி ஒன்று மாட்டியிருக்கிறார். 70 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்ப்ரே கேனைத் தொட மாட்டார், அந்த நாட்களில் சீட்டு, டேஷ்போர்டு, எஞ்சின் என்று தூரிகை வேலைகளை அக்ரிலிக்கில் முடித்து வைப்பார். பாடிகள் நான்கைந்து சேர்ந்ததும் டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டு மலை இறங்கி வருவார், எங்களில் ஒருவர் வீட்டில் காலை முழுக்க ஸ்ப்ரே. கோடையில் நாங்கள் மேலே போவோம், அங்கே மழை இல்லாத காலை நேரம் பெயின்ட்டுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். வருடம் முழுக்க இந்தப் போக்குவரத்து நடக்கிறது, எங்கள் நட்பு வளர்ந்ததே இதில்தான் என்று தயங்காமல் சொல்வேன். மலைக் குளிரில் கேனின் அழுத்தம் குறைந்து பெயின்ட் துப்பும், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் கேனை நிறுத்தி வைத்தால் போதும். கொதிக்கும் தண்ணீரோ அடுப்போ வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டிங்கரிங் பட்டறைப் பெயின்ட். விலை குறைவு, கேட்ட நிறத்தைக் கலந்து தருவார்கள், அதனால் எல்லோருக்கும் ஆசை வரும். கார்த் தகரத்துக்காகச் செய்த தின்னர், கிட்டின் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். முதலில் ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகு பாடியில் மெல்லிய வெடிப்புகள் வலை போலப் படரும், கதவுக் கோடுகள் மழுங்கிப்போகும். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடித்த பிறகுதான் அந்தப் பெயின்ட் பக்கம் போக வேண்டும், அதுவும் கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டில் அடித்துப் பார்த்து ஒரு நாள் விட்ட பிறகு. மெட்டாலிக் நிறங்களை விட்டுவிடுங்கள் என்பேன். நிஜக் காருக்கு அளவாக இருக்கும் மினுமினுப்புத் துகள், நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கான 1/24 அளவில் பெரிய தகடாகத் தெரியும், கார் பொம்மையாகிவிடும்.

இரண்டு பாகமாகக் கலந்து மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான பியூ (பாலியூரித்தேன்) கிளியர் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டு வரும். துணி மாஸ்க்கோ பேப்பர் மாஸ்க்கோ அதைத் தடுக்காது. பட்டறையில் பெயின்டர் அண்ணன் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார் என்பதற்காக நீங்களும் வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கும் இடத்தில், அதைச் செய்யாதீர்கள். மாடலுக்குச் சாதாரண லாக்கர் கிளியரே போதுமான பளபளப்பைத் தரும்.

அதே பெயின்டர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது தேய்ப்பு வேலை. நம் ஊர்ப் பட்டறைகளில் வாட்டர் பேப்பரைக் கையாளும் நிதானம் எந்த வீடியோவிலும் கிடைக்காது. 400-இல் ஆரம்பித்து 800, 1000, 1500, 2000 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட வேண்டும், பானட் விளிம்பு, கூரை விளிம்பு போன்ற மேடுகளில் கையே வைக்கக்கூடாது, ஏனென்றால் பெயின்ட் அங்கேதான் மெல்லியதாக இருக்கும், இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். பெயின்ட் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும் தவறுதான். மூக்கருகே கொண்டு போங்கள். வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை.

பசை விஷயம் சுருக்கமாக. கண்ணாடிகளுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டாம், அதன் ஆவி காருக்குள் சுற்றி வந்து விண்ட்ஷீல்டில் வெள்ளையாகப் படியும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமில்லாமல் போகும், பிடிப்பும் கண்ணாடிக்குப் போதுமானது. பிளாஸ்டிக் சிமென்ட் என்பது ஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்குவது, அதனால் ரெசினிலோ உலோகத்திலோ 3டி பிரிண்டுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கிலோ அதைத் தடவி ஒட்டவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அதில் செய்த பாடியைக் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கடைவீதிக்குள் போனால் திரும்பி வரும்போது கூரை வளைந்திருக்கும்.

டீக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஊறவைக்க போர் தண்ணீர் எடுப்பவர்கள் அதை நிறுத்தலாம். நம் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் கறுப்புப் பெயின்ட்டில் வெள்ளை வளையம் விழும். ஆர்ஓ தண்ணீர் ஒரு கிண்ணம் போதும். பளபளப்பான கிளியர் பூச்சின் மேல்தான் டீக்கால் ஒட்ட வேண்டும், மங்கலான பரப்பில் ஒட்டினால் கீழே காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும்.

கருவிகளுக்கு ஆன்லைனில் பெரிய தொகை செலவழிக்கும் முன் ஒன்று யோசியுங்கள். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் மெல்லிய அரம், நுண்ணிய டிரில் பிட், கூர்மையான சாமணம் எல்லாம் கிடைக்கும், கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். பாகங்களை வெட்டி எடுக்கும் நல்ல நிப்பர் ஒன்றுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். பாகங்களைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்த்தால் அந்த இடம் வெளுத்துப் பள்ளம் விழும். முதல் வெட்டு பாகத்திலிருந்து தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டி, மிச்சம் அரத்தில்.

சரி, இப்போது நினைவுக் கார்கள். எங்கள் வட்டத்தில் பலர் கட்ட விரும்புவது ஃபெராரியோ போர்ஷேயோ இல்லை. அப்பாவின் அம்பாசடர், மாமா ஓட்டிய பிரீமியர் பத்மினி, எஸ்டேட்டில் ஓடிய ஜீப்பு. அம்பாசடரை 3டி பிரிண்ட் எடுத்தோ பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியோதான் கட்டுகிறோம், அதனால் அளவில் கவனம் வேண்டும். அதன் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, 2,464 மில்லிமீட்டர், 1/24-இல் அது 102.7. கையில் இருக்கும் 1/25 கிட்டைப் பார்த்து அந்தக் கணக்கில் சேஸிஸ் வெட்டினால் 98.6 ஆகிவிடும், நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சக்கரம் வளைவுக்குள் நடுவாக உட்காரவே உட்காராது. பேக்கிங் பெட்டியில் 1/24, 1/25 பக்கத்துப் பக்கத்து எண்களாகத் தெரிவதால் ஏமாந்துவிடக் கூடாது.

அப்புறம் வருடம். ஒரு நண்பரின் அப்பா 1972-இல் வாங்கிய அம்பாசடர் என்றால் அது மார்க் 2. 1979-இல் வந்த மார்க் 4 கிரில்லை அதற்கு மாட்டினால் அவர் வீட்டுப் பெரியவர்கள் பார்த்த நொடியில் "இது நம்ம வண்டி இல்லியே" என்பார்கள். வெளிநாட்டுக் கிட்டிலிருந்து உள்பாகங்களை எடுத்துப் போடும்போது ஸ்டீயரிங் இடதுபக்கமே இருந்துவிடுவதும், வைப்பர் எதிர்த்திசையில் படுத்திருப்பதும் அடிக்கடி பார்க்கிறேன். நம்பர் பிளேட்டில் இன்னும் அதிகம் தவறு நடக்கிறது. 1989-க்கு முன் பதிவான வண்டிக்கு டிஎன் 27 என்று எழுதக்கூடாது, அப்போது மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். பலகையின் நிறமும் வேறு. 2000-களின் தொடக்கம் வரை சொந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இப்போதைய வெள்ளைப் பலகையைப் பழைய காரில் ஒட்டினால் எவ்வளவு நல்ல பெயின்ட் வேலையும் வீண்.

இதில் பெரிய தவறு, அந்தக் காரைப் புதிதாக்கிவிடுவது. நண்பருக்காகக் கட்டுகிறோம் என்ற அன்பில் ஷோரூமிலிருந்து இறங்கிய மாதிரி பளபளவென்று கட்டிக் கொடுக்கிறார்கள். அவர் நினைவில் இருப்பது பின்பக்கக் கதவில் ஒரு நசுங்கலோடு, கூரையில் கேரியரோடு, பின் கண்ணாடியில் ஸ்டிக்கரோடு இருந்த வண்டி. கட்ட ஆரம்பிக்கும் முன் அவர் வீட்டில் உட்கார்ந்து கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள், ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் அந்தக் கார் பாதியாவது நிற்கும். அவருடைய அம்மாவிடம் கேளுங்கள். சீட்டு உறை என்ன நிறம் என்பது பெரும்பாலும் அம்மாக்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது. சேற்றுக்கும் புழுதிக்கும் நிஜ மண்ணை எடுத்து அப்பாதீர்கள், மண் துகள் அந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும். சாக்பீஸ் வகைப் பாஸ்டல் குச்சியை உரசிப் பொடியாக்கிப் பயன்படுத்துங்கள். ஏற்காட்டு ஜீப்புக்குச் செம்மண் நிறம், மலையடிவாரத்து மேக்னசைட் சுரங்கத்தில் ஓடிய லாரிக்கு வெள்ளைப் புழுதி, ஒரே பழுப்பு நிறத்தை எல்லாவற்றுக்கும் பூசக்கூடாது.

நண்பர் பாதியில் விட்ட கிட்டைக் கேட்காமல் முடித்துக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாதி வேலையில் அவர் அண்ணனோ அப்பாவோ ஒட்டிய பாகம் இருக்கலாம், கோணலாக ஒட்டியிருந்தாலும் அதைப் பிரித்து நேராக்க உங்களுக்கு உரிமை இல்லை. புதிதாக வருகிற பையன் மாடலை நீட்டும்போது பத்துப் பேர் முன்னால் குறை சொல்லாதீர்கள். எது நன்றாக வந்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், அது எப்படி வந்தது என்று அவனிடமே கேளுங்கள். மற்றதை அடுத்த முறை தனியாக, கையில் உப்புத்தாளோடு சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம்.

கட்டி முடித்த காரை ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது டப்பாவுக்குள் கார் நகர்ந்துகொண்டே இருக்கும், கண்ணாடியும் பம்பரும் முதலில் கழன்றுவிடும். சேஸிஸை அடியிலிருந்து ஒரு திருகால் மரப்பலகையோடு பிணைத்துவிடுங்கள், பெயின்ட் அடித்த பக்கத்தில் பஞ்சோ பபிள் கவரோ படக்கூடாது, காயாத லாக்கரில் அதன் தடம் அப்படியே பதிந்துவிடும். பெயின்ட் அடித்து இரண்டு வாரமாவது ஆன பிறகே கிளம்புங்கள், பஸ்ஸில் டப்பாவை மேல் தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.