புதிய அறங்காவலரை வரவேற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அறக்கட்டளையில் நான் அறங்காவலர் குழுவின் செயலாளராக இருந்தபோது நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மையாருக்கு அன்று முதல் கூட்டம். 400 பக்கக் கோப்பு முந்தின நாள் இரவு 9 மணிக்குத்தான் அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அனுப்பியது நான்தான். பாதி ராத்திரி வரை விழித்திருந்து படித்திருக்கிறார் என்பது, அவர் கையிலிருந்த தாள்களில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்ததுமே தெரிந்தது. மானியப் பட்டியல் வந்ததும் கேட்டார்: “இந்த அமைப்புக்கு 7 வருஷமாகப் பணம் தருகிறோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். ஏன்?”

தலைவர் சிரித்த முகத்தோடு, “அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். அப்புறம் விவரமாகச் சொல்கிறேன்” என்றார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அடுத்த மூன்று கூட்டங்களில் அந்த அம்மையார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த அறையில் யாரும் அவரை அவமதிக்கவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனாலும் அறக்கட்டளைக்கு அன்று பெரிய நஷ்டம். புதியவருக்கு எதுவும் இன்னும் பழகிப்போகவில்லை. அதனால் நம் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணில் படும். அந்தப் பார்வை ஆறு மாதம் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு வருடம். பிறகு அவரும் நம்மைப் போலவே ஆகிவிடுவார். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஆறு மாதத்தை வீணடிப்பவை.

அழைக்கும்போதே தொடங்குவது

“வருஷத்துக்கு நாலு கூட்டம்தான், வந்து உட்கார்ந்தால் போதும்” என்று சொல்லி அழைக்கிறோம். மறுத்துவிடுவாரோ என்ற பயம். வந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் இரண்டு நாள் படிப்பு, முதலீட்டுத் துணைக்குழு, தணிக்கைத் துணைக்குழு, நடுநடுவே பயணம். பதவிக்காலம் எத்தனை ஆண்டு, இரண்டாம் முறை நீட்டிப்பு உண்டா, ஊதியம் உண்டா, செலவுத்தொகை மட்டும்தானா என்பதையெல்லாம் அழைக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் அறங்காவலர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. அமெரிக்காவில் சில தனியார் அறக்கட்டளைகள் நியாயமான அளவுக்கு ஊதியம் தருவதுண்டு. வேறொரு நாட்டில் அல்லது வேறொரு அமைப்பில் இருந்து பழகியவர் அந்த வழக்கத்தையே இங்கும் எதிர்பார்ப்பது இயல்புதானே.

எங்கிருந்து வருகிறார் என்பதும் முக்கியம். தொண்டு நிறுவனக் குழுவில் இருந்தவர், நிதி திரட்டுவதே தன் வேலை என்று நினைத்து வருவார். முதலீட்டில் போட்டு வைத்த பணத்தை (மூலநிதி) வைத்து மானியம் தரும் அறக்கட்டளையில் வேலையே வேறு: இருக்கும் பணத்தைக் காப்பது, சரியான கைக்குக் கொடுப்பது, வருவோரில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்று சொல்வது. தொழில் உலகிலிருந்து வருபவர் மூன்று மாதத்தில் பலன் தெரியுமா என்று தேடுவார். இரண்டு பேருக்குமே இதை உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் தேவை.

குடும்ப அறக்கட்டளைகளில் இந்த ஒரு மணி நேரத்தைக்கூடக் கொடுப்பதில்லை. “வீட்டுப் பிள்ளைதானே, தெரியாமலா இருக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். பேரப்பிள்ளைக்குத் தாத்தாவைப் பற்றிய கதைகள் தெரிந்திருக்கும். அவர் எழுதி வைத்த அறக்கட்டளைப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். வெளியாளாக இருந்தால் “இது என்ன?” என்று கேட்டுவிடுவார். வீட்டுப் பிள்ளைக்கு அப்படிக் கேட்கக் கூச்சம். அதனால் வெளியாளைவிட அவருக்குத்தான் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும்.

காகித மூட்டை

400 பக்கம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நானும் நம்பியவன். உண்மையில் அதில் அவருக்கு உடனே வேண்டியது நாற்பது பக்கம்கூட இல்லை. அறக்கட்டளைப் பத்திரம், கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, கடந்த ஓராண்டின் கூட்டக் குறிப்புகளிலிருந்து முக்கியத் தீர்மானங்கள், எந்த முடிவை யார் எடுக்கலாம் என்று சொல்லும் ஒரே ஒரு தாள். எவ்வளவு தொகை வரை இயக்குநரே கொடுக்கலாம், எதற்கு மேல் குழுவிடம் வர வேண்டும், எதைத் துணைக்குழுவே முடிக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பல அறக்கட்டளைகளில் அப்படி ஒரு தாளே இல்லை. புதியவர் வருகிறார் என்பதை வைத்தாவது அதை எழுதிவிடலாம்.

இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன்: நிராகரித்த விண்ணப்பங்கள் ஐந்தாறு. கொடுத்த மானியங்களின் பட்டியல் அறக்கட்டளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைச் சொல்லும். மறுத்தவற்றைப் படித்தால்தான் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது, அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்பது தெரியும்.

எண்களை வெறுமனே நீட்டுவதும் தவறு. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் சராசரி மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். 1969-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து வளர்ந்த விதி அது. புதியவர்கள் பலரும் அந்த 5 சதவீதத்தை உச்சவரம்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது குறைந்தபட்சம். நியாயமான நிர்வாகச் செலவும் அந்தக் கணக்கில் சேரும் என்று சொன்னால், மானியமாக உண்மையில் எவ்வளவு வெளியே போகிறது என்ற அடுத்த கேள்வி தானாக வரும். வர வேண்டிய கேள்விதான் அது. இந்தியாவில் கணக்கே வேறு. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குப் பயன்படுத்த வேண்டும். ஒன்று சொத்தைப் பார்க்கிறது, மற்றொன்று வருமானத்தைப் பார்க்கிறது. எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறதோ, அந்த விதியை வாயால் ஒரு முறை விளக்கிவிட்டால் கணக்கு அறிக்கை பாதி புரிந்துவிடும்.

பழைய கதையை மறைப்பது

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வீட்டுச் சண்டையைச் சொல்ல மாட்டோம். அறங்காவலர் விருந்தாளி இல்லை. சட்டப்படி பொறுப்பு அவர் தலையிலும் இருக்கிறது. தோற்றுப்போன திட்டம், இயக்குநர் ஏன் திடீரென்று போனார், நிறுவனர் எழுதி வைத்ததைப் பற்றிக் குழுவுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு, இவையெல்லாம் அவருக்கு மூன்றாம் மனிதர் வாயிலாகத் தெரியவரக் கூடாது.

நிறுவனரின் விருப்பத்தைப் பற்றி நிச்சயம் பேச வேண்டும். அமெரிக்கத் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917-இல் தொடங்கிய நிதியம், அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குள் எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட வேண்டும் என்பது அவர் விதித்தது. 1932-இல் அவர் இறந்தார். 1948-இலேயே நிதியம் வேலையை முடித்து மூடப்பட்டது. காப்பீட்டுத் தொழிலில் பணம் சேர்த்த அமெரிக்கர் ஜான் மெக்ஆர்தர் இதற்கு நேர் எதிர். 1978-இல் அவர் இறந்தபோது, தன் அறக்கட்டளையின் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவை அறங்காவலர்களிடமே விட்டிருந்தார். ஃபோர்டு அறக்கட்டளையில் 1943 முதல் இருந்த இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, அறக்கட்டளை போகும் திசை பிடிக்காமல் 1976 இறுதியில் விலகினார். பெயருக்கு உரிய குடும்பத்தின் பேரனே விலகும் அளவுக்கு இந்த விஷயம் கனமானது. நம் அறக்கட்டளை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று புதியவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் எந்த விண்ணப்பத்தையும் எதை வைத்து எடைபோடுவார்?

தொலைபேசி அடிக்கத் தொடங்கும்

பெயர் அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே அழைப்புகள் வரும். “நீங்கள் அந்த டிரஸ்டில் சேர்ந்திருக்கிறீர்களாமே, ரொம்ப சந்தோஷம்” என்று தொடங்கி, மூன்றாவது நிமிடத்தில் விண்ணப்பம் வெளியே வரும். கூடப் படித்தவர், உறவினர், முன்பு வேலை பார்த்த இடம். இதற்குத் தயார்படுத்தாமல் விடுவது அவரைத் தனியாக மாட்டிவிடுவது போல. சொல்ல ஒரு வாக்கியம் கொடுத்துவிடுங்கள்: “விண்ணப்பங்களை அலுவலர்கள்தான் முதலில் பார்ப்பார்கள், அங்கே அனுப்புங்கள்; உங்களைத் தெரியும் என்பதையும் நான் குழுவில் சொல்லிவிடுவேன்.” பின்பாதியை விட்டுவிடக் கூடாது.

சொந்த நலனும் பொறுப்பும் மோதும் இடங்களைப் பற்றிய படிவத்தைக் கையெழுத்துக்காக நீட்டி, கையெழுத்து ஆனதும் கோப்பில் வைத்துவிடுகிறோம். படிவத்தால் எதுவும் புரியாது, உதாரணத்தால்தான் புரியும். ஒருவர் தன் பழைய கல்லூரிக்குச் சொந்தமாக நன்கொடை தருவதாகச் சட்டப்படி செல்லுபடியாகும் வாக்குறுதி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அறங்காவலராகி, அந்தத் தொகையை அறக்கட்டளைப் பணத்திலிருந்து கொடுக்க வைக்கிறார். பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை விதிகளின்படி இது தன்னலப் பரிவர்த்தனை. அவர்மேல் தண்டவரி விழும். நல்ல மனிதர்கள் நல்ல நோக்கத்தோடு விழும் குழி இது. இப்படி இரண்டு மூன்று உதாரணங்களைச் சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டினால், யோசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

களத்துக்கு அழைத்துப் போவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். புதிய உறுப்பினருக்கு நம் வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், மானியம் பெறும் ஒரு சிறிய அமைப்புக்கு எட்டுப் பேராகப் போய் இறங்குவோம். அவர்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு முறை கிட்டத்தில் பார்த்தேன். மூன்று ஊழியர்கள் ஒரு வாரமாக வகுப்புகளை நிறுத்திவிட்டு விளக்கப்படம் தயாரித்திருந்தார்கள். பிள்ளைகளைக் காலை 8 மணியிலிருந்து வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. ஒரு சின்னப் பையன் பக்கத்திலிருந்தவன் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். ஓர் ஆசிரியை வந்து பதற்றமாக எழுப்பினார்.

கடைசியில் எங்கள் புதிய உறுப்பினர் மனம் நெகிழ்ந்து, “இந்தக் கட்டடத்துக்கு மேல்மாடி வேண்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கேட்டவர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள், வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்? குழு அதற்கு ஒப்புதல் தரவில்லை. அந்தச் செய்தியைச் சொல்ல இரண்டு மாதம் கழித்து ஓர் இளம் அலுவலர் தனியாகப் போனார்.

தவறு அந்த உறுப்பினருடையதல்ல. அறங்காவலர் ஒருவர் தனியாக எந்த வாக்கும் தர முடியாது, முடிவு குழுவுடையது என்பதை வண்டியில் ஏறும் முன் நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் போகலாம், சாதாரண வேலைநாளில் போகலாம், விளக்கப்படம் வேண்டாம் என்று எழுத்தில் முன்கூட்டியே தெரிவிக்கலாம். பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிக நேரம் வைக்கலாம். போன இடத்தில் அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு நமக்காகச் செலவாகிறது என்ற நினைப்பு இருந்தாலே பாதி சரியாகிவிடும்.

அலுவலர்களோடு பழகுவதிலும் இதே போன்ற ஒரு கோடு உண்டு. புதியவர் ஆர்வத்தில் மானிய அலுவலரை நேரே அழைத்து “இந்த விண்ணப்பம் என்ன ஆயிற்று?” என்று கேட்டால், விசாரித்ததாக அவர் நினைப்பார், உத்தரவு வந்ததாக அலுவலர் நினைப்பார். யார் வழியாகக் கேட்பது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் போதும்.

ஒருவரை எல்லோருக்குமான குரலாக்குவது

இளைஞர் ஒருவரை, அல்லது மானியம் பெறும் மக்களிடையிலிருந்து ஒருவரைக் குழுவில் சேர்ப்பது நல்ல முடிவு. சேர்த்த பிறகு ஒவ்வொரு விவாதத்திலும் அவர் பக்கம் திரும்பி, “உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் சோர்ந்துபோவார். முதலீட்டைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை, தணிக்கையைப் பற்றியும் கேட்பதில்லை. மற்ற அறங்காவலர்களுக்கு இருக்கும் அதே பொறுப்புதான் அவருக்கும், எல்லாத் தலைப்பிலும். முடிந்தால் புதியவர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்ஸ் அறக்கட்டளையில் வாரன் பஃபெட் 2021-இல் விலகிய பிறகு, 2022 ஜனவரியில் நான்கு பேரை ஒரே நேரத்தில் அறிவித்தார்கள். அதில் ஒருவர் தலைமை நிர்வாகி. கூட வந்தவர் ஒருவர் இருந்தால், “உங்களுக்கு இது புரிந்ததா?” என்று இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம். அது பெரிய தைரியம்.

முதல் கூட்டத்துக்குப் பிறகு வரும் மௌனம்

வரவேற்பு என்றால் முதல் கூட்டத்தோடு முடிகிற சடங்கு என்று நினைத்துவிடுகிறோம். புதியவர் வீட்டுக்குப் போய், தான் கேட்டது சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டிருப்பார். யாரும் அழைப்பதில்லை. அடுத்த கோப்பு மூன்று மாதம் கழித்து வரும்.

அந்த அம்மையாருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்த இரண்டாம் நாள் தலைவர் புதியவரை அழைக்க வேண்டும். 20 நிமிடம் போதும். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்றுதான் பதில் வரும். அதனால் வேறு மாதிரி கேட்கச் சொன்னேன்: “எந்த இடத்தில் உங்களுக்கு விளங்கவில்லை? கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது எது?” அவர் சொல்வதை எழுதி வைத்து, பெயர் போடாமல், அடுத்த நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாகச் சேர்ப்போம். ஆறு மாதம் இப்படி.

முதல் ஆண்டில் அப்படி வந்த கேள்விகளில் ஒன்று, வேறொரு புதிய உறுப்பினர் கேட்டது: “இந்த அமைப்புக்கு ஏன் ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷத்துக்கு மட்டும் தருகிறோம்?” இந்த முறை அது நிரலில் முதலில் இருந்தது. 40 நிமிடம் பேசினோம். பழைய கூட்டக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தால், தொடக்கத்தில் அவர்களுடைய கணக்கில் ஒரு சின்னக் குழப்பம், அதற்காகப் போட்ட தற்காலிக நிபந்தனை. கணக்கு அடுத்த ஆண்டே சரியாகிவிட்டிருந்தது. நிபந்தனையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்றே மூன்று ஆண்டு மானியமாக மாற்றித் தீர்மானம் போட்டோம். அந்த அம்மையாரும் ஆதரவாகக் கை உயர்த்தினார்.