ஜார்ஜ் ஃபோர்மனைப் பற்றி மேடையில் பேசுவதற்குத் தயாராகும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளின் விளையாட்டு விழாவில் ஒரு வீரரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) முன்னாள் உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பிறந்த ஊரில் தொடங்கி வரிசையாக ஒப்பித்தால், வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.

முதலில் அவருடைய தொழில்முறைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 81 போட்டிகள், 76 வெற்றிகள், அவற்றுள் 68 நாக் அவுட் (எதிராளி மேற்கொண்டு மோத முடியாமல் முடிந்தவை), 5 தோல்விகள். பிறகு தோல்விகளைத் தனியே வாசியுங்கள். அவர் நாக் அவுட் ஆனது முகமது அலியிடம் மட்டுமே. ஜிம்மி யங், ஹோலிஃபீல்ட், மாரிசன், பிரிக்ஸ் ஆகியோரிடம் தோற்ற நான்கும் 12 சுற்றுகள் முடிந்த பின் புள்ளிகளால் தீர்மானிக்கப்பட்டவை. கபடியில் ஏறும் புள்ளி உடனுக்குடன் கண்ணுக்குத் தெரிவது போல் இங்கே தெரியாது, நடுவர்கள் சுற்றுக்குச் சுற்று புள்ளி எழுதும் சீட்டு கடைசியில்தான் வாசிக்கப்படும் என்பதை நம் ஊர்க் கூட்டத்துக்கு இந்த இடத்திலேயே விளக்கிவிடுங்கள்.

அந்த விளக்கம் இருந்தால்தான் 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் நடந்தது புரியும். 26 வயது மைக்கேல் மூரர் மூன்று நடுவர்களின் சீட்டிலும் முன்னணியில் இருந்ததால் நாக் அவுட் தவிர வேறு வழியில்லாத நிலையில், 45 வயது ஃபோர்மன் பத்தாவது சுற்றில் அவரை வீழ்த்தி, ஹெவிவெயிட் பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவரானார். 1974இல் அலியிடம் பட்டத்தை இழந்தபோது உடுத்திய அதே சிவப்புக் கால்சட்டையை அன்றும் அணிந்திருந்தார் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தேதிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் கவனியுங்கள். 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் அவர் போட்டியிடவே இல்லை. கிறித்தவப் போதகராக இருந்தார். 1968 ஒலிம்பிக் தங்கத்தையும், 1973இல் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை கீழே சாய்த்துப் பட்டம் வென்றதையும் ஓரிரு வாக்கியங்களில் சொன்னால் போதும்.

அலியிடம் பட்டத்தை இழந்த அந்த 1974 போட்டி ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்தது. அதைச் சில குறிப்புகள் அக்டோபர் 29 என்றும் சில 30 என்றும் எழுதுவதற்குக் காரணம், அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அது உள்ளூரில் அதிகாலை நான்கு மணியளவில் நடத்தப்பட்டதே. நம் நேரப்படி காலை எட்டரை என்பதால் 30 என்றே சொல்லுங்கள்.

கிரில் அடுப்பு விற்றுச் சம்பாதித்ததை யாராவது கேட்டால் மட்டும் சொல்லலாம். 1997 நவம்பரில் பிரிக்ஸிடம் தோற்ற கடைசிப் போட்டியோடு நிறுத்துவதே என் விருப்பம், ஏனெனில் அந்தத் தீர்ப்பை அன்றே பலர் ஏற்கவில்லை, கூட்டமும் தனக்குள் வாதிட ஏதாவது வேண்டும்.